கழுத்தறிதல்: ஒரு நகைச்சுவை மாயப் புதினமும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெரி பிராட்செட் (1948–2015) இயற்றிய 'கார்ப்பே ஜுகுலம்' என்னும் புதினம் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. தட்டையான வட்டுலகம் ஒன்றைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய 41 புதினங்களுள் இது 23ஆவது. அவ்வரிசையில் சூனியக்காரியரை முதன்மைப் பாத்திரங்களாகக் கொண்டு 1987 முதல் வெளிவந்த நூல்களுள் இது குறிப்பிடத்தக்க ஒன்றாகும். மலைநாட்டுச் சிற்றரசு ஒன்றில் வாழும் சூனியக்காரியருக்கும், அந்நாட்டைக் கைப்பற்ற வரும் இரத்தம் குடிக்கும் பிரபுக் குடும்பம் ஒன்றுக்கும் இடையே நிகழும் போராட்டமே இதன் கதை.

மேலோட்டமாக நோக்கின் இது பொழுதுபோக்கு நூலாகவே தோன்றும். ஆயின் இதன் நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் காட்டிலும் மொழியையே பெரிதும் சார்ந்து நிற்கிறது. அழைப்பிதழ், பெயரிடுதல், எழுத்துப்பிழை, திக்கும் நா, மாறிய எழுத்துக்கூட்டல் ஆகியனவே கதையை நகர்த்துகின்றன. எனவே இந்நூலைத் திறனாய்வதும் இதன் மொழிபெயர்ப்புச் சிக்கல்களை ஆராய்வதும் வெவ்வேறு பணிகள் அல்ல. ஒரு மொழி எங்கெங்கு இடர்ப்படும் என அறிந்தாலன்றி இந்நூலின் பொருளை முழுமையாக அறிதல் அரிது. இக்கட்டுரை அவ்விரு பணிகளையும் இணைத்து மேற்கொள்கிறது.

மொழிபெயர்ப்புக்குரிய வாசகர் யார் என்னும் வினா முதற்கண் விடை பெறல் வேண்டும். தமிழாக்கம் செய்வோர் பெரும்பாலும் ஒருமொழி மட்டும் அறிந்த வாசகரையே மனத்திற் கொள்கின்றனர். இக்கட்டுரை பெங்களூரின் சிவாஜிநகர்த் தமிழரை வாசகராகக் கருதுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த படைக்குடியிருப்பைச் சார்ந்து வளர்ந்த இப்பகுதியில் தமிழ், கன்னடம், தக்கணி உருது, ஆங்கிலம் ஆகிய நான்கும் அன்றாட வழக்கில் உள்ளன. 1927இல் எழுந்த ரஸ்ஸல் சந்தைக் கட்டடத்தைச் சுற்றிய தெருக்களில் விலை கேட்பது ஒரு மொழியிலும், பேரம் பேசுவது மற்றொரு மொழியிலும், கடிந்து கொள்வது மூன்றாம் மொழியிலும் நிகழ்தல் இயல்பு. மொழியைப் பொருளாகக் கொண்ட ஒரு நகைச்சுவை நூலுக்கு இத்தகைய வாசகரே தகுந்த உரைகல் எனலாம்.

2. கதையமைப்பு: இரண்டு அழைப்பிதழ்கள்

லாங்கர் நாட்டு மன்னன் தன் மகளின் பெயர்சூட்டு விழாவிற்குப் பலரையும் அழைக்கிறான். அண்டை நாடுகளுடன் நல்லுறவு பேண வேண்டும் என்னும் புதுமை நோக்கால் மாக்பயர் என்னும் இரத்தக்காட்டேரிக் குடும்பத்திற்கும் அழைப்பு விடுக்கிறான். அழையாத வீட்டினுள் அவர்கள் நுழைய இயலாது என்பது மரபு. மன்னனின் அழைப்பு அம்மரபுத் தடையை நீக்கிவிடுகிறது. அதே வேளையில், நாட்டைக் காக்க வல்ல மூத்த சூனியக்காரி வெதர்வாக்ஸ் பாட்டிக்கு அனுப்பப்பட்ட பொன்விளிம்பு அழைப்பிதழைப் பறவையொன்று கவர்ந்து சென்றுவிடுகிறது. தன்னை வேண்டுமென்றே விலக்கிவிட்டனர் எனக் கருதிய அவர் ஊரைவிட்டே அகல்கிறார்.

வரக்கூடாதவர்க்குச் சென்று சேர்ந்த அழைப்பு, வரவேண்டியவர்க்குச் சென்று சேராத அழைப்பு ஆகிய இரண்டின் மீதே முழுக் கதையும் கட்டப்பட்டுள்ளது. இவ்வமைப்பு தமிழ் வாசகருக்கு விளக்கமின்றியே விளங்கும். அச்சிட்ட பத்திரிகை அஞ்சலில் வந்தாலும், வெற்றிலை பாக்குடன் நேரில் வந்து அழைக்காத வீட்டு விசேடத்திற்குச் செல்லாத பெரியோர் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. 'முறையாக அழைக்கவில்லை' என்னும் ஒரு தொடர் தலைமுறைப் பகையை உண்டாக்க வல்லது. பயன்வழியியலார் கூறும் பேச்சுச்செயலின் நிறைவு நிபந்தனைகளைத் தமிழ்க் குடும்ப வாழ்வு நெடுங்காலமாகவே அறிந்துள்ளது. எனவே பாட்டியின் சினத்தை மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பால் விளக்க வேண்டியதில்லை. அதனைத் தமிழ்ச் சடங்குச் சொற்களால் கூறினாலே போதும்.

3. 'நாளே பா': சொல்லால் தடுக்கப்படும் பேய்

இரத்தம் குடிப்போர் வாயிற்படியில் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்பர் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவிற்கே உரியதன்று. 1990களில் பெங்களூரில் பரவிய 'நாளே பா' வழக்காறு இதற்கு நெருங்கிய இணை ஆகும். இரவில் பெண்பேய் ஒன்று கதவைத் தட்டும் என்றும், தெரிந்தவர் குரலில் அழைக்கும் என்றும், திறப்போர் இறப்பர் என்றும் பேச்சு பரவியது. அதனைத் தடுக்க மக்கள் தம் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' எனக் கன்னடத்தில் எழுதி வைத்தனர். 'நாளை வா' என்பது அதன் பொருள். பேய் அதனைப் படித்துத் திரும்பிச் செல்லும். மறுநாள் வந்து மீண்டும் படித்து மீண்டும் திரும்பும்.

கன்னடத்து 'பா' ஒலிப்புடை ஈரிதழொலியில் தொடங்குவது. தமிழ் எழுத்தில் அவ்வொலியைப் பிரித்துக்காட்ட வழியில்லை. தமிழில் மொழிமுதல் வகரம் பெறும் பல சொற்கள் கன்னடத்தில் இவ்வொலியைப் பெறுகின்றன. வா–பா, வேர்–பேரு, வெள்ளி–பெள்ளி ஆகிய இணைகள் திராவிட மொழியியல் அறிந்தோர்க்குப் பழக்கமானவை. சிவாஜிநகர்த் தமிழ்ச் சிறுவன் இவ்விணைகளை இலக்கணம் கல்லாமலேயே அறிவான். ஆதலின் 'நாளே பா' அவனுக்கு மொழிபெயர்க்க வேண்டாத தொடராகும்.

இத்தொடரின் ஆற்றல் 'நாளை' என்னும் காலச் சுட்டில் உள்ளது. பேச்சில் 'நாளை' என்பது பேசும் நாளைக் கொண்டு பொருள் பெறும். எழுத்தில் அது படிக்கும் நாளைக் கொண்டு பொருள் பெறுகிறது. எழுதிய காலமும் படிக்கும் காலமும் பிரிந்துவிடுவதால் சுட்டு நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. மளிகைக் கடைகளில் தொங்கும் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்னும் பலகையும் இதே உத்தியால் இயங்குவதே. கடன் கேட்பவரையும் உயிர் கேட்கும் பேயையும் மக்கள் ஒரே இலக்கணத்தால் திருப்பி அனுப்பினர் என்பது கருதத்தக்கது.

2018இல் வெளிவந்த 'ஸ்த்ரீ' என்னும் இந்தி நகைச்சுவைத் திகில் திரைப்படம் இவ்வழக்காற்றை மத்தியப் பிரதேசச் சிற்றூர் ஒன்றிற்கு மாற்றியது. இந்தியில் 'கல்' என்னும் சொல் நேற்றையும் நாளையையும் ஒருங்கே குறிக்கும். ஏவல் வினையே அங்குப் பொருளை வரையறுக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் அவ்வையம் எழுவதில்லை. ஒரே கதை மொழி மாறுகையில் எங்கு நெகிழ்கிறது என்பதற்கு இது எளிய சான்று.

பிராட்செட்டின் புதினமும் இவ்வழக்காறும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. தீயசக்தி மொழிக்குக் கட்டுப்பட்டது என்பதே அக்கருத்து. ஆயின் புதினம் ஒரு படி மேற்சென்று, மொழிக்குக் கட்டுப்படாத தீயசக்தி வந்தால் என்னாகும் என வினவுகிறது. மாக்பயர் பிரபு தன் மக்களுக்குப் பூண்டு, பகலொளி, சமயக்குறிகள் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கி அச்சத்தைப் போக்கியவர். பல சமயங்களின் குறிகளைப் படங்களாகக் காட்டி அவர்களைப் பயிற்றுவித்தவர். இறுதியில் அப்பயிற்சி குலையும்போது, கற்ற குறிகள் அனைத்தும் அவர்கட்கு எல்லாப் பொருள்களிலும் தோன்றத் தொடங்குகின்றன. குறியை அறியாதவனைக் குறி தாக்காது. அறிந்தவன் அதனிடமிருந்து தப்புவதும் இல்லை. பேராலயக் கோபுரம், பள்ளிவாசல் பிறை, கோயில் வேல், கடைவாயிலில் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும் ஒரே பார்வையில் படும் சிவாஜிநகரில் இப்பகுதியைப் படிப்பவர் அக்காட்டேரிகளின் திகைப்பை உடனே உணர்வர்.

4. சொற்பொருட்புலம்: சூனியக்காரியும் காட்டேரியும்

4.1 ஆங்கில மூலத்தில் சூனியக்காரி என்பவர் பேறுகாலம் பார்ப்பவர், பச்சிலை மருத்துவம் அறிந்தவர், பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்துபவர், ஊர் வழக்கைத் தீர்ப்பவர். இப்பணிகளைத் தமிழ் வழக்கு ஒரு சொல்லில் அடக்காது. மருத்துவச்சி, மந்திரக்காரி, குறிகாரி, பழைய இலக்கிய வழக்கில் கட்டுவிச்சி எனப் பல சொற்களாகப் பிரித்துக் கூறும். 'சூனியக்காரி' என்பதோ கேடு செய்தலை மட்டுமே பொருண்மைக் கூறாகக் கொண்டது.

இங்குச் சொல்லின் நயம் மட்டுமன்றிப் பொறுப்பும் அடங்கியுள்ளது. இந்தியாவின் பல பகுதிகளில் இச்சொல் இன்றும் குற்றச்சாட்டாகவே பயன்படுகிறது. ஒரு பெண்ணை அவ்வாறு அழைத்தலே அவளை ஊரினின்று விலக்கவும் கொல்லவும் காரணமாகியுள்ளது. பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும் இக்கொடுமைக்கு எதிராகச் சட்டம் இயற்றின. கருநாடகமும் மனிதநேயமற்ற தீய வழக்கங்களையும் சூனியத்தையும் தடுக்க 2017இல் சட்டம் இயற்றியது. ஆங்கிலேயருக்குத் தொலைவான வரலாறாகிவிட்ட ஒரு சொல் இங்கு இன்னும் உயிர்ப்பறிக்கும் சொல்லாக உள்ளது. எனவே ஆங்கிலத்தில் அச்சொல் எழுப்பும் எளிய சிரிப்பு தமிழில் தானாக எழாது.

இரு வழிகள் உள்ளன. ஒன்று, 'மருத்துவச்சி' போன்ற நற்சொல்லை ஆளுதல். இதனால் அச்சம் நீங்கும். ஆயின் ஊரார் அப்பாட்டியரை மதித்தும் அஞ்சியும் நிற்கும் இருமை இழக்கப்படும். மற்றொன்று, பிறர் அவர்களை அழைக்கும்போது 'சூனியக்காரி' என்றும், அவர்கள் தம்மைக் குறிக்கும்போதும் கதைசொல்லி குறிக்கும்போதும் 'மந்திரக்காரி' என்றும் வேறுபடுத்துதல். இவ்விரண்டாம் வழி, ஒரு சொல்லின் தீமை சொல்லில் இல்லை, சொல்பவரிடம் உள்ளது என்பதைப் புலப்படுத்துவதால் ஏற்புடையது.

4.2 இரத்தம் குடிப்போருக்கு வெகுமக்கள் எழுத்தில் வழங்கும் சொல் 'இரத்தக்காட்டேரி'. காட்டேரி தமிழகச் சிற்றூர்களில் அச்சத்திற்கும் வழிபாட்டிற்கும் ஒருங்கே உரிய பெண் தெய்வம். கருவுற்ற பெண்டிரையும் குழந்தைகளையும் தாக்குவதாக நம்பப்படுவது. கடல்கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளரோடு கயானா, டிரினிடாட் வரை இவ்வழிபாடு சென்றுள்ளது. ஐரோப்பியக் கதையின் இரத்தம் குடிப்பவனோ கோட்டையில் வாழும் ஆண், பிரபு, எழுந்து நடக்கும் பிணம். இரண்டிற்கும் பொதுவான கூறு இரத்தம் ஒன்றே.

1870இல் ரிச்சர்டு பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலப்படுத்தியபோது வேதாளத்தை ஐரோப்பிய இரத்தக்காட்டேரிச் சொல்லாலேயே பெயர்த்தார். பிணத்துள் புகுந்து வாழ்தல் என்னும் கூறு அப்பெயர்ப்புக்கு ஓரளவு இடம் தந்தது எனலாம். எனினும் வேதாளத்தின் தொழில் கதை சொல்லுதலும் புதிர் போடுதலுமே. அக்கதைகள் தமிழுக்கு வந்தபோது வடமொழியிலுள்ள சிம்சுபா மரம் முருங்கையாயிற்று. அம்முருங்கை பின்னர்ப் பழமொழியிலும் இடம்பெற்றது. அயற்கதையின் ஒரு மரத்தை மாற்றியதால் கதை தமிழாயிற்று என்னும் முன்னோர் வழக்கு இன்றைய மொழிபெயர்ப்பாளர்க்குத் துணிவு தருவதாகும்.

ஒலிபெயர்ப்பும் இடரற்றதன்று. 'வேம்பயர்' என எழுதின் வேம்பு நினைவிற்கு வரும். வேம்போ தமிழர் பேயை விரட்டப் பயன்படுத்தும் தழை. பேயின் பெயரிலேயே பேய்விரட்டி அமைவது எதிர்பாராத நகைச்சுவையாயினும் அது மூலத்தில் இல்லாதது.

4.3 இரத்தம் குடிப்போரை நகைச்சுவைக்குரியோராகப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இவ்வகையில் ஒப்பிடத்தக்க பெருநூல். அதில் பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து வந்த முதுபேய் இந்திரசாலம் காட்ட, இல்லாத இரத்தத்தைக் கண்டு பேய்கள் ஏமாறுகின்றன. போர் முடிந்தபின் களத்திற் கூழ் அடப்பட்டு, பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், ஊமைப் பேய் என ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்பறிந்து பரிமாறப்படுகிறது. எட்டு நூற்றாண்டுகட்குப் பின் புதுமைப்பித்தனும் வேதாளத்தை எள்ளலுக்குரிய பாத்திரமாக்கிச் சிறுகதை எழுதினார்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பரணியின் பேய்கள் பசித்த எளியோர். பிராட்செட்டின் காட்டேரிகள் உண்டு செழித்த மேலோர். தமிழில் மேலோர் இரத்தம் குடித்தல் என்பது மாயக்கதையைவிட வட்டிக்கடைக்கே நெருக்கமான உருவகம். எஸ்க்ரோ என்னும் ஊரில் மக்கள் மணியோசை கேட்டதும் வரிசையில் நின்று தம் இரத்தத்தைத் தருகின்றனர். எதிர்ப்பில்லை, கூச்சலில்லை, எல்லாம் ஒப்பந்தப்படி நிகழ்கின்றன. ஊரின் பெயரே பொறுப்பில் வைக்கப்படும் பணத்தைக் குறிக்கும் வணிகச் சொல். நாள்தோறும் வசூலிக்கப்படும் கடனுக்கு வடதமிழகத்தில் வழங்கும் 'தண்டல்' என்னும் சொல்லைக் கொண்டு இவ்வூரைத் 'தண்டலூர்' எனப் பெயர்த்தல் பொருந்தும். தமிழ்நாடு 2003இல் மிகைவட்டித் தடைச் சட்டம் இயற்றியதை அறிந்த வாசகருக்கு, அமைதியாக நிற்கும் அவ்வரிசையின் கொடுமை விளங்காமற் போகாது.

5. எழுத்தும் ஒலியும்

5.1 நூற்பெயர், 'இந்நாளைப் பற்றிக்கொள்' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரைத் திரித்து 'தொண்டையைப் பற்றிக்கொள்' என ஆக்கியது. செருமானிய மொழிபெயர்ப்பு இதனை விடுத்து, 'பதறாதே' என்னும் பொருளில் வழங்கும், இரத்தம் என்னும் சொல் அமைந்த மரபுத்தொடர் ஒன்றைத் தலைப்பாக்கியது. தமிழில் இலத்தீன் இருக்கும் இடத்தில் திருக்குறள் உள்ளது. உரிய பொழுதைக் கைக்கொள்ளுதலைக் கூறும் 49ஆம் அதிகாரம் 'காலமறிதல்'. அதனைத் திரித்துக் 'கழுத்தறிதல்' எனின் மூலத்தின் அமைப்பு முற்றும் கிட்டுகிறது. படித்தோர் அறிந்த செவ்வியல் தலைப்பு ஒரு சொல் மாற்றத்தால் சிதைகிறது; 'கழுத்தறுத்தல்' என்னும் பேச்சுவழக்கும் அருகே ஒலிக்கிறது. சிவாஜிநகரிலிருந்து சிறுதொலைவில், அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை நாள்தோறும் காண்போர்க்கு இத்திரிபு எளிதில் விளங்கும்.

5.2 மாக்பயர் என்னும் குடிப்பெயர் ஒரு பறவைப் பெயரும் இரத்தக்காட்டேரிப் பெயரும் இணைந்த ஒட்டுச்சொல். அப்பறவையின் எண்ணிக்கை கொண்டு பலன் கூறுதல் ஆங்கில நாட்டு வழக்கு. தமிழில் ஆந்தை அலறும் தடவைகளை எண்ணிப் பலன் கூறும் வழக்கு அதற்கு நேரானது. ஆந்தையும் காட்டேரியும் இணைந்து 'ஆந்தேரி' ஆகலாம். மும்பைப் புறநகர் ஒன்றின் பெயரை அது நினைவூட்டினும், தம்மை நாகரிகராகக் கருதும் ஒரு குடும்பத்திற்கு அதுவும் பொருத்தமே.

5.3 பிரபுவின் பணியாளன் ஈகோர் சகர ஒலியைப் பல்லிடை உரசொலியாக ஒலிப்பவன். தமிழ் எழுத்தில் இதற்கு அண்மையது ச–த மாற்றம். ஆங்கிலத்தில் இம்மாற்றம் சில சொற்களில் மட்டுமே வேறு சொல்லைத் தோற்றுவிக்கும். தமிழிலோ சங்கம்–தங்கம், சந்தை–தந்தை, சீனி–தீனி, பசி–பதி எனக் குறைந்தவேற்றுமை இணைகள் மலிந்துள்ளன. ஈகோர் தேநீரை உருது வழக்கில் 'சாய்' என்றால் அது 'தாய்' ஆகும். 'காசு கொடு' என்றால் 'காது கொடு' ஆகும். உடலுறுப்புகளைத் தைத்தும் மாற்றியும் வாழும் குலத்தவன் அவன் என்பதை நினைவிற் கொண்டால் இப்பிந்தைய மயக்கம் கதைக்கு மிகவும் இயைந்தது. மூலத்தில் எழுத்துக்கூட்டலால் வரும் நகைப்பைத் தமிழ் பொருள் மயக்கத்தால் பெறுகிறது. இழப்பீடு என மொழிபெயர்ப்பியலார் கூறும் உத்திக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனினும் பேச்சுக் குறையுடையோரை எள்ளுவதாக ஆகிவிடாமல், மயக்கத்திற்கு ஆளாகும் கேட்போரே நகைப்பிற்கு இலக்காதல் வேண்டும்.

5.4 அரசியின் பெயரே தாயின் எழுத்துப்பிழையால் மாக்ராட் என நிலைத்துவிட்டது. தன் மகளுக்கும் அவ்வாறு நேராதிருக்க, எழுத்துக்கூட்டலைக் கவனிக்க என அவள் தாளில் குறித்து வைக்க, பூசகர் அக்குறிப்பையும் சேர்த்துப் படித்துவிடுகிறார். சடங்கில் உரைத்த பெயர் மாறாது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள நெருக்கத்தால் இந்நகைச்சுவை அமையாது எனத் தோன்றலாம். ஆயின் 'மூன்றுசுழி ண', 'சிறப்பு ழ', 'வல்லின ற' என்று சொல்லிப் பெயர் எழுதுவிக்கும் வழக்கம் தமிழரிடம் உண்டு. குழந்தையின் பெயர் 'வேணி மூன்றுசுழி' என முடிந்துவிடுவதாகக் கொண்டால் மூலத்தின் இயக்கம் முழுமையும் கிட்டும். பழங்கன்னட ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்ட ஒரு மாநிலத்தில், கன்னடப் பதிவேட்டில் தம் பெயரின் ழகரத்தை இழந்த தமிழருக்கு இது வெறும் நகைச்சுவையாக மட்டும் தோன்றாது.

5.5 நீலநிறச் சிற்றுருவினரான திருட்டுக் கூட்டத்தார் ஸ்காத்லாந்துக் கிளைமொழியை மிகைப்படுத்திப் பேசுகின்றனர். இதற்குத் தமிழ்க் கிளைமொழி ஒன்றைத் தேர்தல் இடர் மிக்கது. திரைப்படங்களில் வட்டாரத் தமிழும், கன்னடமும் உருதுவும் விரவிய பெங்களூர்த் தமிழும் நகைப்பிற்குரியனவாகக் காட்டப்பட்டுள்ளன. குடித்துச் சண்டையிடும் பாத்திரங்கட்கு அவற்றுள் ஒன்றை அளித்தல் அம்மக்களை இழித்தலாகும். எவ்வூர்க்கும் உரித்தாகாத கற்பனைக் கிளைமொழியை ஒலித்திரிபுகளாலும் அடுக்குத்தொடர்களாலும் ஆக்குதலே நேரிது. இக்கூட்டத்தாரின் கதைப்பகுதி மூலத்திலேயே முதன்மைக் கதையோடு தளர்வாகவே பிணைந்துள்ளது. இந்நூலின் குறை எனச் சுட்டத்தக்கது இதுவே.

6. இரு குரலும் இரு திணையும்

6.1 காட்டேரிகள் பிறர் மனத்தை வயப்படுத்த வல்லவை. அவ்வயப்பாட்டிற்கு ஆக்னஸ் என்னும் இளம் மந்திரக்காரி உட்படவில்லை. அவளுள் பெர்டிட்டா என்னும் மற்றொரு குரல் வாழ்வதே காரணம். ஐயத்தால் இருமனப்பட்ட பூசகர் ஓட்ஸும் அவ்வாறே தப்புகிறார். ஒரே குரலுடையோர் அடிமையாவர், இரு குரலுடையோர் எதிர்ப்பர் என்பது நூலின் நுண்ணிய கருத்து. இரட்டை வழக்குடைய தமிழ் இதனைக் காட்ட இயற்கையான கருவியைப் பெற்றுள்ளது. ஆக்னசின் எண்ணங்களை எழுத்து வழக்கிலும், பெர்டிட்டாவின் இடைமறிப்புகளைப் பேச்சு வழக்கிலும் அமைத்தால் அச்சில் எவ்வகைச் சாய்வெழுத்தும் வேண்டியதில்லை.

உறவுப்பெயர்களும் இவ்வாறே துணைபுரிகின்றன. மூத்த மந்திரக்காரியர் இருவரும் 'பாட்டி' எனப் பொருள்படும் பெயர்களால் அழைக்கப்படுகின்றனர். வெதர்வாக்சுக்கு மணமும் இல்லை, பேரரும் இல்லை. உறவல்லாதாரையும் உறவுப்பெயரால் அழைக்கும் தமிழ் வழக்கில் இது இயல்பே. பெருங்குடும்பத் தலைவியான ஆக் பாட்டியை 'ஆயா' எனலாம். வடதமிழகத்திலும் பெங்களூரிலும் பாட்டியைக் குறிக்கும் இச்சொல், போர்த்துக்கீசிய வழி வந்து செவிலியைக் குறிக்கும் மற்றோர் 'ஆயா'வோடு ஒலியால் ஒன்றுபடுகிறது. ஆங்கில மூலச் சொல்லும் இவ்விரு பொருளும் உடையதே.

6.2 நூலின் உயிர்நாடியான பகுதி பாட்டிக்கும் ஓட்சுக்கும் நிகழும் உரையாடலாகும். மனிதரைப் பொருளாக நடத்துவதே பாவத்தின் தொடக்கம் என்பது பாட்டியின் துணிபு. ஆங்கிலத்தில் இஃது ஓர் அறக்கூற்று. தமிழிலோ இஃது இலக்கணக் கூற்றாகவும் அமைகிறது. உயர்திணையை அஃறிணையாக்குதல் திணைவழு. மக்களை உயர்திணை என வகுத்த தொல்காப்பியமும், மக்களோடு தேவர், நரகரையும் அதனுள் அடக்கிய நன்னூலும் இவ்வேறுபாட்டை மொழியின் அடித்தளமாகவே வைத்தன. ஆங்கிலம் சொல்லாற் கூறுவதைத் தமிழ் ஒவ்வொரு வினைமுற்றிலும் கூறுகிறது.

இதனால் மொழிபெயர்ப்பாளர் தப்ப முடியாத ஒரு தேர்வு எழுகிறது. தமிழில் பேய் 'வந்தது', வேதாளம் 'சொன்னது'. மாக்பயர் பிரபுவோ 'வந்தார்' எனப்படல் வேண்டும். மனிதரை இரையாகக் கொள்பவர் உயர்திணையிலும் பலர்பாலிலும் நிற்க, இரையாகும் ஊரார் அவர் வாயில் 'அதுகள்' ஆகின்றனர். நேரில் 'நீங்கள்' என நயமாகப் பேசி, குடும்பத்தாரிடம் 'அதுகள்' எனக் குறிக்கும் பிரபுவின் இயல்பு, ஆங்கில மூலத்தைவிடத் தமிழில் கூர்மையாக வெளிப்படும்.

ஆயின் பாட்டியும் ஊராரை 'அதுகள்' எனக் கூறக்கூடும். சினத்தால் மட்டுமன்றி உவகையாலும் திணை வழுவலாம் என நன்னூல் அமைதி கூறுகிறது. 'அதுகளுக்கு என்ன தெரியும்' எனக் குழந்தைகளைக் குறித்துத் தாய் கூறுவதில் இழிவு இல்லை. ஒரே வடிவம் பிரபுவின் வாயில் பொருளாக்குதலையும், பாட்டியின் வாயில் பொறுப்பேற்றலையும் உணர்த்தும். இவ்வேறுபாட்டை விளக்காமலே வாசகர் உணருமாறு உரையாடல்களை அமைத்தல் இந்நூலைத் தமிழாக்குவோரின் முதற்பணியாகும்.

6.3 கதையின் முடிவும் இதனோடு இயைவது. பாட்டியைக் கடித்த காட்டேரிகள் அவரைத் தம்மவராக்கவில்லை. அவர் இரத்தத்தைக் குடித்த அவைகளே அவர் இயல்பைப் பெற்றுத் தேநீருக்கும் தின்பண்டத்திற்கும் ஏங்குகின்றன. பொருளாகக் கருதி உண்ணப்பட்டவர் உண்டவருள் ஆளாக நிற்கிறார். 'அது' என விழுங்கியவர்கள் 'அவர்' எனும் ஒருவரைத் தம்முள் காண்கின்றனர். நகைச்சுவையாகத் தொடங்கிய திணைவழு அறமாக முடிகிறது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். இப்புதினத்தின் நகைச்சுவை அழைத்தல், பெயரிடுதல், படித்தல் ஆகிய மொழிச்செயல்களைச் சார்ந்தது. தலைப்பு, நாத்திரிபு, எழுத்துக் குறிப்பு ஆகியவற்றில் தமிழ் மூலத்திற்கு இணையான அல்லது மேம்பட்ட வழிகளைப் பெற்றுள்ளது. 'சூனியக்காரி' என்னும் சொல்லிலும் கிளைமொழித் தேர்விலும் மொழிபெயர்ப்பாளர் நயத்திற்கு முன் நீதியை நோக்குதல் வேண்டும். திணைப் பாகுபாடு இந்நூலின் அறத்தைத் தாங்கும் தூணாகத் தமிழில் அமைய வல்லது.

மொழிபெயர்ப்பும் ஒருவகையில் வாயிலில் நிற்கும் அயலாரை உள்ளே அழைக்கும் செயலே. யாரை அழைக்கிறோம் என அறியாது அழைத்தமை லாங்கர் மன்னனின் பிழை. எல்லாரையும் 'நாளே பா' எனத் திருப்பி அனுப்புதலும் தீர்வன்று. அக்கதவு என்றும் திறக்காது. வருவோரின் மொழியையும் தம் மொழியையும் நன்கறிந்து, உரிய சொல்லைச் சொல்லிக் கதவைத் திறப்பவரே மொழிபெயர்ப்பாளர் எனத் தகுவர்.